டெக்னோ இசையின் ஈர்ப்பைக் கோட்பாட்டால் விளக்க முடியுமா?

கடல்முகம் | சனி, இரவு 10.20

நேற்றிரவு திருகோணமலை உப்புவெளிக் கரையில் ஒரு விடுதிக்காரர் நடத்திய இசை நிகழ்வுக்குப் போயிருந்தேன். மே முதல் செப்டெம்பர் வரை நம் பக்கத்துக் கடல் அடங்கியிருக்கும் காலத்தில் வெளிநாட்டார் வந்து தங்குவதும், அவர்களுக்காக இரவிரவாக டெக்னோ ஒலிப்பதும் நமக்கு இப்போது பழகிய விடயங்கள். எட்டு ஆண்டுகள் மிருதங்கம் பயின்ற எனக்கு அந்த இசையில் பிடிமானம் எதுவும் கிடைக்காது என்றே எண்ணியிருந்தேன். ஒன்பது மணிக்குப் போனவன் இரண்டு மணிக்குத்தான் திரும்பினேன். ஏன் அப்படி இருந்தேன் என்பதை எனக்கே விளக்கிக்கொள்ள முடியாததால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இந்த இசையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 1980களில் அமெரிக்காவின் டிட்ரோய்ட் நகரத்தை அண்டிய பெல்வில் என்ற இடத்தில் ஒன்றாகப் படித்த ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்களின் கைகளில் உருப்பெற்றது டெக்னோ. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவினரின் இயந்திர இசையை அவர்கள் வானொலியில் கேட்டு வளர்ந்தார்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 150 வரை அடிகள் விழும். ஒவ்வோர் அடியிலும் ஒரே கனத்தில் 'கிக்' என்னும் தாழ்ந்த முழக்கம் கேட்கும். பெரும்பாலும் பாடல் வரி கிடையாது, பல்லவியும் சரணமும் கிடையாது, நினைவில் வைத்து முணுமுணுக்க ஒரு மெட்டும் கிடையாது.

இனி நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பதினொன்றரை மணியளவில் டீஜே மிக்ஸரில் பாஸ் எனப்படும் தாழ் ஒலிக்கான குமிழை இடப்பக்கமாக முழுவதும் திருப்பிவிட்டார். கிக் மறைந்தது, மேலே சிலும்பிக்கொண்டிருந்த ஹைஹாட் என்னும் சிறு தாளத்தட்டின் ஓசை மட்டும் எஞ்சியது. ஆனால் ஒருவரும் நிற்கவில்லை. இல்லாத அடியை எல்லோருடைய கால்களும் மணலில் மிதித்துக்கொண்டே இருந்தன. பழக்கதோஷத்தால் நான் விரல் மடக்கி எண்ணினேன். பதினாறு சுற்று முடிந்ததும் குமிழ் மீண்டும் வலப்பக்கம் வந்தது. அது வரப்போகிறது என்பது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இருந்தும் முதுகுத்தண்டு சிலிர்த்தது.

இசை உணர்ச்சியைப் பற்றிய கோட்பாடுகளில் பெரிதும் பேசப்படுவது எதிர்பார்ப்புக் கோட்பாடு. எதிர்பார்த்தது தாமதமாகும்போதோ தடைப்படும்போதோ உணர்ச்சி பிறக்கிறது என்று லியோனார்ட் மேயர் 1956இல் எழுதினார். சரியாக ஊகித்ததற்கே மனம் தனக்கொரு பரிசு கொடுத்துக்கொள்கிறது என்று டேவிட் ஹியூரன் 2006இல் அதை விரித்தார். மேயரின் வழியில் பார்த்தால், எதிர்பாராதது அநேகமாக எதுவுமே நடக்காத டெக்னோ நம்மை அசைக்கக் கூடாது. ஹியூரனின் வழியை நேராகப் பிடித்துக்கொண்டு போனால் மெட்ரொனோம் என்னும் தாளமானியின் 'டிக் டிக்' ஓசைதான் உலகிலேயே இனிமையான இசையாக இருக்க வேண்டும். நேற்றிரவு ஒரே வேகத்தில், ஒரே கட்டமைப்பில் ஒலித்த இரண்டு துண்டுகளில் ஒன்று என்னை அசையவிடாமல் நிறுத்தியது. மற்றது தேநீர்க் கடையைத் தேடிப் போகவைத்தது. இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாத கோட்பாடு எதையும் விளக்கியதாக நான் ஏற்க மாட்டேன். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

உவர்மலை ஆசிரியர் | சனி, இரவு 11.05

தம்பி, நீங்கள் கேள்வியைத் தேவைக்கு மேல் கடினமாக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் பௌதிகம் கற்பிப்பவன். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், ஓர்ஃபெக்ஸ் என்ற மின்னிசை இரட்டையரின் நேரடி நிகழ்ச்சியிலேயே ஓர் ஆய்வு நடத்தி, 2022இல் வெளியிட்டார்கள். காதுக்கு எட்டாத அல்லது மிக அரிதாகவே எட்டும் 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளை வெளியிடும் ஒலிபெருக்கிகளைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இயக்குவதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள். ஆடியவர்களின் தலையில் கட்டியிருந்த பட்டிகள் அசைவை அளந்தன. அந்த அதிர்வு இருந்தபோது அசைவு சராசரியாக 11.8 சதவீதம் கூடியது. அந்த அதிர்வு இருப்பதையோ இல்லாததையோ கேட்பவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது தனிச் சோதனையில் தெரிந்தது.

இதனோடு நடை வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். மனிதர் இயல்பாக நடக்கும்போது விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு எட்டு வைக்கிறோம். நிமிடத்துக்கு 130 அடி என்பது விநாடிக்கு 2.17 அடி. உடல் ஏற்கெனவே வைத்திருக்கும் தாளத்தைச் சற்றே முடுக்கிவிட்டுத் தோலின் வழியாகவும் உட்காதின் சமநிலை உறுப்பின் வழியாகவும் அதிர்வைச் செலுத்தினால் கால் அசையத்தான் செய்யும்.

கடல்முகம் | சனி, இரவு 11.31

ஐயா, அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆய்வுகூடத்துத் துணுக்குகளை விட்டுவிட்டு உண்மையான நிகழ்ச்சியில் அளந்தார்கள் என்பதே பெரிய செய்தி. ஆயினும் அது சொல்வது அசைவின் அளவைப் பற்றி மட்டுமே. அதே தாழ் அதிர்வைப் பைலா போட்டுக்கொண்டு கண்டி வீதியில் போகும் சுற்றுலா பஸ்ஸும் தருகிறது. நான் நின்றதற்கும் தேநீர் தேடிப் போனதற்கும் காரணம் அங்கே கிடைக்கவில்லை. இரண்டு துண்டுகளுக்கும் ஒலிபெருக்கி ஒன்றுதான்.

தவில்வீடு | ஞாயிறு, காலை 6.50

மிருதங்கக்காரர் என்கிறீர்கள், எனவே கணக்கிலேயே பேசுவோம். இந்த இசையை ஆக்கப் பயன்படும் டிரம் இயந்திரங்களில், உதாரணமாக 1983இல் வந்த ரோலண்ட் டிஆர்-909இல், ஒரு சுற்றுக்குப் பதினாறு கட்டங்கள். நம் கணக்கில் சதுஸ்ர நடையில், அதாவது அடிக்கு நான்காக, ஆதி தாளத்தின் அரை ஆவர்த்தனம் (அரைச் சுற்று) அது. கிக் நான்கு கட்டங்களுக்கு ஒருமுறை விழுகிறது. அதன் மேல் மூன்று கட்ட நீளமுள்ள ஒரு சிறு ஒலிச் சங்கிலியை ஓடவிட்டால், அது சுற்றின் தலையில் மீண்டும் வந்து சேர 48 கட்டங்கள், அதாவது மூன்று சுற்றுகள் ஆகும். ஐந்து கட்டச் சங்கிலிக்கு 80 கட்டங்கள் வேண்டும். நிமிடத்துக்கு 130 அடி என்றால் ஐந்துகள் வந்து சேர ஒன்பது விநாடிக்குச் சற்று மேலாகும். காதுக்குப் பிடிபடாமலும் மனதை விட்டு அகலாமலும் இருக்கிற நீளம் அது.

நாங்கள் செய்வதும் இதுதானே? நான்கில் ஓடும் தாளத்துக்குள் மூன்றையும் ஐந்தையும் ஏழையும் நுழைத்து, கேட்பவர் வழி தவறிவிட்டதாக நினைக்கும்போது கோர்வை என்னும் முடிப்புக் கோப்பைக் கட்டி, எடுப்பில், அதாவது பாட்டு தொடங்கும் இடத்தில், கொண்டுவந்து இறக்குகிறோம். கோவில் வெளிவீதியில் தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது, தாளக்காரர் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்கள் அந்த இறக்கத்தில் ஒரே நேரத்தில் தலையை ஆட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் அப்பா நாற்பது வருடம் கையில் கூடு போட்டார்.

எனக்குள்ள ஐயமும் அங்கேதான் இருக்கிறது. டெக்னோவில் கணக்கு இருக்கிறது, தீர்மானம் என்னும் முடிப்பு இல்லை. மூன்றும் நான்கும் சந்திக்கும் இடத்தை ஒருவரும் அடித்துக் காட்டுவதில்லை. அது தானாக வந்து தானாகப் போகிறது. இறக்கம் இல்லாத கணக்கில் ஒருவருக்கு எப்படி நிறைவு கிடைக்கும்?

சல்லிக்கரை | ஞாயிறு, முற்பகல் 9.15

நீங்கள் எல்லோரும் இசையைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். நான் கரையில் இருப்பவன். விடுதியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் உள்ள மீனவர் வாடிகளில் இருக்கிறவர்கள் அதிகாலை மூன்றரைக்கு எழும்பித் தொழிலுக்குப் போக வேண்டியவர்கள். இரண்டு மணி வரை சுவர் அதிர்ந்தால் ஒன்றரை மணி நேரத் தூக்கத்தோடு கடலுக்குப் போகிறார்கள். அந்த அதிர்வைக் காது மட்டும் கேட்பதில்லை என்று ஆசிரியர் சொன்னது உண்மைதான்; கைக்குழந்தை உள்ள வீட்டில் வந்து பார்த்தால் தெரியும்.

கோட்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் தகப்பனார் கரைவலை இழுத்தவர். வலை இழுக்கும்போது அம்பா பாடுவார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்லிக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கயிற்றில் சாய்வார்கள். பாட்டு ஒரு கணம் பிந்தினால் கயிறு உள்ளே போய்விடும். அங்கே திரும்பத் திரும்ப வருகிற தாளத்துக்குக் காரணம் இருக்கிறது. வலை கரையேறியதும் பாட்டு நிற்கிறது. கூட்டாக ஒரே தாளத்தில் உடலை அசைத்தால் ஒருவருக்கொருவர் நெருக்கம் உண்டாகிறது என்று வில்லியம் மக்நீல் என்ற வரலாற்றாசிரியர் இராணுவ நடையையும் ஊர் ஆட்டங்களையும் எடுத்துக்காட்டி விளக்கியிருக்கிறார். அதை நான் நம்புகிறேன், பார்த்தும் இருக்கிறேன். ஆனால் டெக்னோவில் கயிறும் இல்லை, வலையும் இல்லை, மீனும் இல்லை. வேலையின் தாளத்தை வேலையிலிருந்து பிரித்தெடுத்து இரவு முழுக்க ஓடவிடுவதில் என்ன பொருள் இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும்.

பெர்லின் வாசி | ஞாயிறு, பிற்பகல் 3.40

அண்ணா, நீங்கள் கேட்டதற்கு டிட்ரோய்ட் நகரத்தின் கதையிலேயே விடை இருப்பதாக நான் கருதுகிறேன். அது கார்த் தொழிற்சாலைகளின் நகரம். அந்தப் பிள்ளைகள் இளைஞர்களானபோது தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்து இயந்திரக் கைகளைப் பொருத்திக்கொண்டிருந்தன. சனங்கள் நகரை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். வேலை போய்விட்டது, வேலையின் தாளம் மட்டும் எஞ்சியது. அதை அவர்கள் எடுத்து, மலிவாகக் கிடைத்த பழைய டிரம் இயந்திரங்களில் தங்களுக்காக ஓடவிட்டார்கள். இந்த இசை வேலையில் இருந்து பிரிந்துவிட்டது என்று குறை சொல்வதை விட, வேலை கைவிட்ட இடத்தில் இது பிறந்தது என்று சொல்வதே பொருந்தும்.

நான் பிறந்து வளர்ந்தது பெர்லினில். அம்மாவின் ஊர் திருகோணமலை. எண்பதுகளில் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி மேற்குக்குக் கடந்த ஆயிரக்கணக்கான தமிழர்களில் என் மாமாவும் ஒருவர். 1989இல் மதில் விழுந்தபின் கிழக்குப் பகுதியில் உரிமை கோர ஆளில்லாத கட்டடங்கள் நிறைய இருந்தன. 1991இல் வெர்ட்ஹைம் என்ற பழைய பேரங்காடியின் நிலவறைப் பணப்பெட்டகத்தில் ட்ரெசோர் என்ற டெக்னோ நடன விடுதி திறக்கப்பட்டது. டிட்ரோய்ட் கலைஞர்களை அழைத்து வந்து அங்கே வாசிக்கவைத்தார்கள். இரு பகுதி இளைஞர்களும் முதன்முதலாக ஒன்றாக நின்ற இடங்களில் அதுவும் ஒன்று. 2024இல் பெர்லின் டெக்னோவை ஜெர்மனி தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழுவதும் நியாயம். பெர்லினில் அந்த நிலவறைச் சுவர் தடிப்பாக இருந்தது. உப்புவெளியில் நடப்பதோ திறந்த கரையில்.

உவர்மலை ஆசிரியர் | ஞாயிறு, மாலை 5.02

மகள், வரலாறு தெளிவாக இருந்தது. ஆனால் டிட்ரோய்ட் நகரின் கதையை நினைத்துக்கூடப் பார்க்காமல் உப்புவெளி மணலில் நின்ற தம்பிக்கு முதுகு சிலிர்த்ததே? வரலாறு அவருக்குள் எந்த வழியால் நுழைந்தது?

மனையாவெளி | ஞாயிறு, இரவு 8.25

ஆசிரியர் கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டு, நம் ஊரிலேயே இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன்.

நவராத்திரிக் காலத்தில் நம் ஊரில் கும்பம் வைத்து வழிபடும் கும்பத்துமால்களில் உடுக்கு ஒலிப்பதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். கடைசி இரவில் கும்பம் வீதிக்கு வரும்போது உடுக்கும் பாட்டும் ஒரே தாளத்தில் ஏறிக்கொண்டே போக, எடுப்பவர்களுக்கு உரு (சாமியாட்டம்) வந்துவிடுகிறது. என் சின்ன ஐயா உடுக்கு அடிப்பவர். அவர் வீட்டு விறாந்தையில் இருந்து அதே அடியை, அதே வேகத்தில், ஒரு மணி நேரம் பழகுவார். சின்னம்மா பக்கத்தில் இருந்து மரக்கறி வெட்டுவார். ஒருவருக்கும் எதுவும் வந்ததில்லை. மாலுக்குள் அதே உடுக்கு ஒலித்தால் சின்னம்மாவின் கைகள் நடுங்கத் தொடங்கிவிடும்.

1960களின் தொடக்கத்தில் அன்ட்ரூ நேஹர் என்பவர், பறையொலியின் வேகம் மூளை அலைகளை இழுத்துச் செல்வதே உரு வருவதற்குக் காரணம் என்று ஆய்வுகூடச் சோதனைகளைக் கொண்டு வாதிட்டார். பிரெஞ்சு இசை இனவியலாளர் ஜில்பேர் ரூஜே 1980இல் அதை மறுத்தார். ஒலிக்கு அப்படி ஒரு தனி வலிமை இருந்தால் பறை கேட்கும் ஊர்களில் வருடம் முழுக்க எல்லோரும் உரு வந்து ஆட வேண்டுமே என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஓசை உருவை உண்டாக்குவதில்லை. உரு வருவதற்கென்று ஊர் வகுத்து வைத்திருக்கும் நேரத்தையும் இடத்தையும் முறையையும் ஓசை அறிவிக்கிறது, அதற்கு வடிவம் கொடுக்கிறது.

எனவே, ஐயா, அந்தத் தம்பிக்குள் நுழைந்தது டிட்ரோய்ட் வரலாறாக இருக்க வேண்டியதில்லை. இருட்டு, கடல், முன்பின் அறியாத நூறு பேர் ஒரே அடியை மிதிப்பது, இப்போதைக்கு இது நிற்காது என்று எல்லோரும் சொல்லாமலே ஒப்புக்கொண்டிருப்பது ஆகிய எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கிக்கைக் கிக்காக்கின.

தவில்வீடு | ஞாயிறு, இரவு 9.00

விறாந்தை உதாரணம் எனக்கு மிகவும் பொருந்துகிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மாலுக்குள்ளும் கைதேர்ந்தவர் அடிக்கும் உடுக்குக்கும் பழகுகிறவர் அடிக்கும் உடுக்குக்கும் வித்தியாசம் உண்டு. உங்கள் சின்ன ஐயாவைக் கேட்டால் அவரும் அதையே சொல்வார். எல்லாவற்றையும் இடத்தின்மேல் சுமத்திவிட்டால் கைக்கு என்ன மரியாதை?

கடல்முகம் | திங்கள், இரவு 9.48

எல்லோருக்கும் நன்றி. நேற்று முழுவதும் உங்கள் பதிவுகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். என் முடிவை இப்போது சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

நாம் எடுத்துக்கொண்ட கோட்பாடுகளில் பெரும்பாலானவை இசையை ஒரு பொருளாகக் கையில் எடுத்துப் பார்க்கின்றன. தாள உந்துதலைப் பற்றி மரியா விட்டெக்கும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட பெயர்பெற்ற ஆய்வை எடுத்துக்கொள்வோம். தாளம் மிக நேராகவும் இல்லாமல் மிகக் குழப்பமாகவும் இல்லாமல், நடுத்தரமாக இடறும்போதுதான் ஆட வேண்டும் என்ற உந்துதல் அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் அவர்கள் கேட்கக் கொடுத்தவை குறுகிய டிரம்ஸ் துண்டுகள். டெக்னோ துண்டில் வாழும் இசை இல்லை. அதன் முதல் ஒரு நிமிடத்தை மட்டும் கேட்டுவிட்டு, இதில் ஒன்றுமில்லை என்று சொல்பவர் தவறாகக் கேட்கவில்லை. அந்த நிமிடத்தில் உண்மையாகவே பெரிதாக ஒன்றும் இல்லை.

நிலவில்லாத இரவில் வள்ளத்தில் போனவர்களுக்குத் தெரியும், கரை விளக்குகளை விட்டு அகன்ற முதல் சில நிமிடங்கள் கண்முன் வெறும் கறுப்பு. இருபது, முப்பது நிமிடங்கள் போனபின் கண் இருளுக்குப் பழகுகிறது. அதன்பின் அலை முகட்டில் வெள்ளை தெரிகிறது, மீன் கூட்டம் கலங்கும்போது நீரில் எழும் பூரல் என்னும் மங்கிய ஒளி தெரிகிறது. இடையில் யாராவது டோர்ச் அடித்தால் எல்லாம் போய்விடும், மீண்டும் முதலிலிருந்து பழக வேண்டும்.

மாறாத கிக் காதுக்குச் செய்வது அதுதான் என்று நான் கருதுகிறேன். ஒரு மணி நேரம் ஒரே அடியைக் கேட்டபின் காது அந்த அடியைக் கேட்பதை விட்டுவிடுகிறது, அது தரையாகிவிடுகிறது. அதன்பின் ஹைஹாட் ஒரு மயிரிழை திறப்பதும், தவில்வீட்டு அண்ணா சொன்ன மூன்று கட்டச் சங்கிலி தலையில் வந்து தொட்டுவிட்டு விலகுவதும், பாட்டில் ஒரு புதிய சரணம் தொடங்குவதைப் போலப் பெரிய நிகழ்வாகின்றன. தீர்மானம் இல்லாதது குறையென்று நீங்கள் சொன்னீர்கள், அண்ணா. கோர்வையில் வித்துவான் கொண்டுவந்து இறக்குகிறார். இங்கே இறங்கும் இடத்தைக் கேட்பவரே கண்டெடுக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் கண்டெடுத்த அதே கணத்தில் பக்கத்திலிருப்பவரின் தோளும் அசைவதைப் பார்க்கும்போது, உங்கள் வெளிவீதித் தலையாட்டலுக்கு மிக அருகில் வந்துவிடுகிறோம்.

என் இரண்டு துண்டுகளின் வேறுபாட்டையும் இப்போது சொல்லலாம். கூர்மையடைந்த காதுக்குக் கண்டெடுக்க ஏதாவது வைத்திருப்பது நல்ல துண்டு. தேநீர் தேடவைத்த துண்டில், கூர்ந்து கேட்டபோதும் மேற்பரப்பில் இருந்ததே அடியிலும் இருந்தது. மனையாவெளி அக்கா சொன்ன இருட்டும் கூட்டமும் அந்தக் கூர்மை வருவதற்கான பொறுமையைத் தருகின்றன. கைக்குரிய மரியாதை அந்தக் கூர்மைக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஆகவே கோட்பாட்டால் முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். நேரத்தை அளவில் சேர்க்காத கோட்பாட்டால் முடியாது என்றுதான் சொல்வேன். ஆசிரியர் ஐயா விரும்பினால் இதைச் சோதிக்கவும் வழியுண்டு. ஒரே சிறு மாற்றத்தை ஐந்தாவது நிமிடத்திலும் அறுபதாவது நிமிடத்திலும் வைத்து, எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

சல்லிக்கரை அண்ணாவுக்குத் தனியாக ஒன்று. விடுதிக்காரரிடம் இன்று போய்ப் பேசினேன். பாஸ் ஒலிபெருக்கிகளைக் கடல் பக்கம் திருப்புவதாகவும் பதினொன்றரையோடு குறைப்பதாகவும் சொன்னார். தாழ் அதிர்வு எல்லாத் திசையிலும் பரவும் என்பதால் திருப்புவதால் பெரிய பயன் இருக்காது. நேரத்தைக் குறைப்பதுதான் உதவும். வெள்ளிக்கிழமை நானே வாடிப் பக்கம் வந்து நின்று பார்க்கிறேன்.

சல்லிக்கரை | செவ்வாய், காலை 7.10

வாருங்கள் தம்பி. தண்ணீரில் எழும் பூரலைப் பற்றி எழுதியது சரியாக இருந்தது. டோர்ச் அடிக்கிறவனை வள்ளத்தில் ஏசாமல் யாரும் விடுவதில்லை.

தவில்வீடு | புதன், இரவு 11.55

தம்பி, நீங்கள் தனியாக அனுப்பிய ஒலிப்பதிவை இன்று ஹெட்ஃபோனில் கேட்டேன். முதலில் பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். பிறகு விளக்கை அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கி நாற்பது நிமிடம் எழும்பாமல் இருந்தேன்.

இருபத்துமூன்றாவது நிமிடமளவில் ஒன்று கேட்டது. இரண்டு கிக்குகளுக்கு நடுவில் விழும் ஹைஹாட் சரி நடுவில் விழவில்லை. ஒரு துளி பிந்தி விழுகிறது. அப்பாவின் இடக்கைக் கழி தவிலின் தொப்பிப் பக்கத்தில் அப்படித்தான் விழும். தாளத்தை விட்டு விலகாமல், ஆனால் கொஞ்சம் சாய்ந்து. அதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினொரு வருடம் ஆனது. இயந்திரத்தில் அதை யாரோ வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள்.

எந்த நிமிடத்தில் அந்த மாற்றம் தொடங்கியது என்று அறியப் பின்னால் ஓட்டிக்கொண்டே போனேன். அது முதல் நிமிடத்திலேயே இருந்தது.